முத்துக்குளித்துறையும் குடியிருப்பு உரிமையும்

முத்துக்குளித்துறையின் வரலாற்றை எழுதியவர் பலர். கொற்கை முத்தின் ஒளியைப் பாடிய புலவர் உண்டு. அதன் விலையைக் கணக்கிட்ட வணிகர் உண்டு. அதற்கு விதித்த வரியைக் குறித்து வைத்த அதிகாரிகளும் உண்டு. ஆயின், அம்முத்தை எடுக்க மூச்சடக்கிக் கடலில் மூழ்கியவன் கரையேறிய பின் எங்கே படுத்துறங்கினான், அவன் மனைவி மக்கள் எந்தக் கூரையின்கீழ் வாழ்ந்தனர், அக்கூரை நின்ற மண் யாருக்கு உரியதாயிருந்தது என்னும் வினாக்களை எழுப்பியவர் மிகச் சிலரே. தக்க வீடு என்பது மனித உரிமை, அதனைச் சட்டம் உறுதிசெய்ய வேண்டும் என்ற குரல் உலகெங்கும் ஒலிக்கும் இக்காலத்தில், அவ்வினாக்களுக்கு விடை காண்பது நம் கடற்கரை மக்களுக்கு இன்றியமையாததாகிறது.

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் ஊர்கள் ஓரிடத்தில் நிலைத்து நின்றதில்லை. பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை, ஆறு கொண்டுவந்து குவித்த வண்டலால் கடலை விட்டு விலகிப்போயிற்று. பின்னர்க் காயல் தலையெடுத்தது. அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதும், முஸ்லிம் வணிகர் பெருமளவில் குடியேறியதும் அத்துறையில்தான். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குச் சென்றதையும், சுறாமீன் தீண்டாதபடி மந்திரம் ஓதியவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு சென்றதையும் கூறுகின்றார். காயலும் மண்மேடிடவே புன்னைக்காயலும், அதன்பின் தூத்துக்குடியும் முதன்மை பெற்றன.

இவ்வூர்ப் பெயர்ச்சிகள் யாவும் இயற்கையால் மட்டுமே நேர்ந்தவை அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளிக்கும் உரிமை பற்றிப் பரதவருக்கும் முஸ்லிம் கடலோடிகளுக்கும் இடையே பூசல்கள் மூண்டன. 1535-37 ஆண்டுகளில் பரதவர் பெருந்தொகையினராய்க் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். 1560-இல் போர்த்துக்கீசியர் மன்னார்த் தீவைக் கைப்பற்றியபோது தம் தலைமையிடத்தைப் புன்னைக்காயலிலிருந்து அங்கு மாற்றினர். பரதவக் குடும்பங்கள் பலவும் உடன் கொண்டுசெல்லப்பட்டன. 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சி அங்கு நிலைபெற்றது. கொடிகள் மாறின. ஆனால் கடல் தொழிலாளி எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை அவனைக் கேளாமலே முடிவுசெய்யும் வழக்கம் மாறவில்லை.

இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது முத்துக்குளிப்பு முகாம். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடப்பதன்று. கடலடியிலுள்ள பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்துள்ளதென அறிந்த பின்னரே அரசு நாள் குறிக்கும். பல ஆண்டுகள் முத்துக்குளிப்பே இன்றிக் கழிவதும் உண்டு. நாள் குறித்தவுடன் வெறும் மணற்பரப்பில் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழும். பனையோலையும் கம்பும் கொண்டு வரிசை வரிசையாகக் குடில்கள் அமையும். சிப்பியை எண்ணிப் பங்கிட வேலியடைத்த 'கொட்டு' அமையும். கடைத்தெருவும் குடிநீரும் காவலரும் மருத்துவரும் வழக்குத் தீர்க்கும் அதிகாரியும் வந்து சேர்வர். இரவில் தரைக்காற்றோடு பாரை நோக்கிச் செல்லும் தோணிகள், பிற்பகல் கடற்காற்றோடு திரும்பும். கீழக்கரையிலிருந்தும் காயல் பகுதியிலிருந்தும் வந்த முஸ்லிம் குளியாளிகளும், தூத்துக்குடி வட்டாரத்துப் பரதவரும் அருகருகே மூழ்கினர். எடுத்த சிப்பியில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்க்கும் என்பது பிற்காலத்து முறை.

1905-ஆம் ஆண்டு எதிர்க்கரையில், இலங்கையின் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. பல்லாயிரம் மக்கள் அம்முகாமில் தங்கினர். நம் கரையிலிருந்து சென்ற குளியாளிகளும் அவர்களுள் இருந்தனர். பருவம் முடிந்ததும் அந்நகரம் கலைந்தது. மணலும் சிப்பி ஓடுமே எஞ்சின.

ஈண்டு ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். காட்டோரத்து மணலில் பல்லாயிரவர்க்குக் கூரையும் நீரும் மருந்தும் காவலும் சில வாரங்களில் அமைத்துக் கொடுக்க அன்றைய அரசுக்கு இயன்றது. ஆகவே, ஏழைக்கு வீடமைத்தல் அரசின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்ற வாதம் இக்கரையில் எடுபடாது. ஆனால் அக்குடில் உழைப்பைத் தங்கவைக்க எழுந்ததேயன்றி, உழைப்பாளியைத் தங்கவைக்க எழுந்ததன்று. முத்து உள்ளவரை அவனுக்கு இடம் உண்டு. முத்து முடிந்தால் அவ்விடத்தின்மீது அவனுக்கு எவ்வித உரிமையும் இல்லை. தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு முத்துக்குளிப்பும் நின்றுபோயிற்று. குளித்தவரின் வழியினர் சங்கு குளித்தும் மீன் பிடித்தும் துறைமுகத்தில் சுமை தூக்கியும் வாழ்வைத் தொடர்ந்தனர்.

கடலோடிக்கு நிலையான வீடு எவ்வளவு தேவை என்பதை நம் சமுதாயம் அறியாததன்று. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பதும், மணமகன் மனைவியின் இல்லத்திற்கு வந்து வாழ்வதும் நெடுங்கால வழக்கம். ஆண்கள் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், கொழும்பிலும் கீழை நாடுகளிலும் வணிகம் செய்தபோது, பெண்ணும் குழந்தைகளும் யாருடைய தயவையும் எதிர்பாராமல் தம் சொந்தக் கூரையின்கீழ் வாழ இம்முறை வழிசெய்தது. மகள்தோறும் ஒரு வீடு கட்டவேண்டிய சுமை பெற்றோரை வாட்டியதும் உண்மையே. எனினும், கடலை நம்பி வாழும் குடும்பத்திற்கு வீடு உறுதியாக இருத்தல் வேண்டும், அது பெண்ணின் பெயரில் இருத்தல் நன்று என்ற அறிவு அதில் பொதிந்துள்ளது. மரக்கலம் விட்ட வணிகக் குடும்பம் இதனை வழக்கத்தால் பெற்றது. முத்தும் சங்கும் குளித்த ஏழைக் குடும்பத்திற்கோ அத்தகைய வழக்கம் கைகொடுக்கவில்லை. அக்குடும்பம் சட்டத்தை நாடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அச்சட்டம் என்ன கூறிற்று? மறிச்சுக்கட்டியில் சிப்பி குவிந்த அதே 1905-இல் சென்னை மாகாணத்தில் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கடலின் அடித்தளம், துறைமுகம், கழி, ஆறு முதலியன அரசின் சொத்து என்று அது வரையறுத்தது. பிறருடைய வீட்டு மனையையும் கொல்லைப்புறத்தையும் அவ்வரையறையிலிருந்து விலக்கியது. இதனால்தான் ஊர் நத்தத்தில் வீடு கட்டி வாழ்பவரின் மனை அரசுக்குரியதன்று என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. ஆனால் கடற்கரைக் குப்பம் பெரும்பாலும் நத்தமாகப் பதிவாவதில்லை. வலை உலர்த்தவும் தோணி ஏற்றவும் வசதியான மணலில் குடிசை கட்டியவரின் இடம் 'புறம்போக்கு' என்று ஏட்டில் ஏறிவிடுகிறது. ஒரே ஊரில் பிறந்த இருவருள் ஒருவர் மனைக்காரராகவும் மற்றவர் ஆக்கிரமிப்பாளராகவும் ஆவது இவ்வாறே.

தூத்துக்குடியின் வளர்ச்சி இவ்வேறுபாட்டை மிகுவித்தது. 1876-இல் இருப்புப்பாதை வந்தது, 1888-இல் கோரல் ஆலை எழுந்தது, உப்பளங்கள் பெருகின, 1974-இல் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 1979-இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. ஒவ்வொன்றும் உழைக்கும் மக்களை ஊருக்கு அழைத்தது. ஒவ்வொன்றும் கரையில் நிலத்தையும் கேட்டது. அழைக்கப்பட்டவர்களுக்கு வேலை கிடைத்த அளவிற்கு மனை கிடைக்கவில்லை.

தமிழகச் சட்டம் ஏழையின் குடிசையை எண்ணிப் பார்க்கவே இல்லை என்று கூறுதல் நியாயமாகாது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது; 2021-இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. 1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாளன்று பிறர் நிலத்தில் குடியிருந்த உழவருக்கும் உழவுத் தொழிலாளருக்கும் அந்தக் குடியிருப்பையே அது உரிமையாக்கிற்று. அண்டையிலுள்ள கேரளத்தில் 1970 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம், குடிகிடப்புக்காரர்க்கு ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரை மனை பெறும் உரிமை அளித்தது. 'இரக்கப்பட்டு விட்டுவைத்த இடம்' என்பதைச் 'சட்டப்படி அவனுக்குரிய இடம்' என்று மாற்ற ஒரு சட்டமன்றத்தால் இயலும் என்பதற்கு இவை சான்று. ஆனால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் உழவுத் தொழிலைக் கருதி இயற்றப்பட்டது. உழவுத் தொழிலாளிக்கு எதிரே நின்றவர் நிலக்கிழார். கடல் தொழிலாளிக்கு எதிரே நிற்பதோ அரசே. நிலக்கிழாரின் மண்ணைப் பங்கிட முன்வந்த அரசு, தன் மண்ணைப் பங்கிடத் தயங்கிற்று.

இனி உலக அரங்கை நோக்குவோம். 1948 டிசம்பர் 10-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கையின் 25-ஆம் பிரிவு, உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றோடு வீட்டையும் சேர்த்துரைத்தது. 1966-இல் நிறைவேறிய பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமை உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, இதனை நாடுகளைக் கட்டுப்படுத்தும் கடமையாக்கிற்று. இந்தியா 1979-இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. 'தக்க வீடு' என்றால் என்ன என்பதை அதன் குழு 1991-இல் ஏழு கூறுகளாக விளக்கிற்று. குடியிருப்பின் சட்டப் பாதுகாப்பு, நீர் முதலிய வசதிகள், தாங்கக்கூடிய செலவு, வாழத்தக்க கட்டடம், எளியோர்க்கும் எட்டுதல், பொருத்தமான இடம், பண்பாட்டுக்கு ஏற்ற அமைப்பு என்பன அவை. முதலாவதாக வைக்கப்பட்டது சுவரும் கூரையும் அல்ல, வெளியேற்றப்படாமல் வாழும் உறுதியே என்பது கருதத்தக்கது.

நம் அரசியல் சட்டத்தில் வீட்டுரிமை என்ற சொல் இல்லை. உயிர் வாழும் உரிமையைக் கூறும் 21-ஆம் பிரிவிலிருந்தே உச்ச நீதிமன்றம் அதனை வருவித்தது. 1981-இல் பம்பாய் நடைபாதைவாசிகளை வெளியேற்ற முற்பட்டபோது எழுந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985 ஜூலை 10-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. வாழ்விடத்தைப் பறித்தால் பிழைப்பும் பறிபோகும், பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதாகும் என்ற கருத்து அங்கு ஏற்கப்பட்டது. எனினும் முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேற்றலாம் என்றும், மழைக்காலம் கழியும் வரை பொறுக்க வேண்டும் என்றும் முடிந்தது அத்தீர்ப்பு. கோட்பாடு ஏழைக்கு, முடிவோ மாநகராட்சிக்கு. 1995-இல் சமேலி சிங் வழக்கில் நீதிமன்றம் மேலும் ஓரடி முன்சென்றது. உறைவிடம் என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டுமன்று. போதிய இடம், காற்று, ஒளி, தூய நீர், மின்சாரம், கழிவகற்றல், பாதை ஆகிய யாவும் அதில் அடங்கும் என்றது. தாழ்த்தப்பட்டோர்க்கு வீடு கட்ட நிலம் எடுப்பதை எதிர்த்து நில உடைமையாளர் தொடுத்த வழக்கு அது. தம் நிலம் காக்க அவர்கள் எடுத்த சட்டப்பிரிவே, வீடற்றவர்க்கு அரணாயிற்று.

கடற்கரையில் இக்கொள்கை எவ்வாறு நடைபெற்றது? 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடுகளை விதித்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, இலங்கை நிலப்பரப்பு ஓரளவு அரணாய் நின்றமையால் தூத்துக்குடிக் கரை நாகப்பட்டினம் போல் அழியவில்லை. ஆனால் அதன்பின் வந்த விதிகள் எல்லாக் கரைக்கும் பொதுவாயின. 2005 மார்ச்சில் தமிழக அரசு வெளியிட்ட 172-ஆம் எண் அரசாணையின்படி, 200 மீட்டருக்குள் வாழ்ந்தவர் உள்நோக்கிக் குடிபெயர இசைந்தால் புதுவீடு கிடைக்கும். இசையாதவர் தம் வீட்டைத் தாமே பழுதுபார்த்துக் கொள்ளலாம். அத்திட்டத்தின் உதவி கிடைக்காது. வலுக்கட்டாயம் இல்லை என்பது உண்மை. ஆயினும் தோணியைக் கண்பார்வையில் வைத்து வாழ வேண்டியவனிடம், கடல் வேண்டுமா, காரை வீடு வேண்டுமா என்று கேட்பது விருப்பத் தேர்வாகுமா? ஐக்கிய நாடுகள் குழு 'பொருத்தமான இடம்' என்று குறித்தது இதனைத்தான். பிழைப்பிலிருந்து பிரித்த வீடு, எவ்வளவு உறுதியாய்க் கட்டினும், தக்க வீடு ஆகாது.

இக்குறையைப் பின்வந்த சட்டங்கள் ஓரளவு உணர்ந்தன. 2011-ஆம் ஆண்டின் கடலோர அறிவிக்கை, மீனவர் முதலிய மரபுவழிக் கடலோர மக்கள், ஊர்ப்புறக் கரைகளில் 100 முதல் 200 மீட்டர் வரையுள்ள பகுதியில் வீடு கட்டிக்கொள்ள இடமளித்தது. 2014 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள நிலம் எடுப்புச் சட்டமோ, 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதன் விளக்கத்தில் நிலம் இல்லாத மீனவரையும் படகோட்டிகளையும் பெயர் சுட்டியே சேர்த்துள்ளது. நூற்றாண்டுகளாக ஏட்டில் இடம்பெறாதவர் ஏட்டில் இடம்பெற்றனர். இது சிறிய வெற்றியன்று.

ஏட்டில் இடம் இல்லாவிடில் நேர்வது யாது என்பதற்கு முன்னர்க் கூறிய மறிச்சுக்கட்டியே சான்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னார் மாவட்டத்து முசலிப் பகுதி மக்களும் அவர்களுள் அடங்குவர். பலர் புத்தளத்தில் ஓலைக்குடில்களில் இருபது ஆண்டுகள் கழித்தனர். 2009-இல் போர் முடிந்து ஊர் திரும்பியபோது வீடுகள் இருந்த இடத்தில் காடு மண்டியிருந்தது. 2017-இல் மாவில்லு வன ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டபோது, மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி மக்கள் தம் பரம்பரை நிலமும் அதில் அடங்கியதென முறையிட்டுத் தொடர் போராட்டம் நடத்தினர். ஆளில்லாத மண் விரைவில் வேறொரு பெயரைப் பெற்றுவிடும். அப்பெயரை மாற்றுவது வீட்டை மீண்டும் கட்டுவதினும் கடினம்.

சட்டம் எழுதிவிட்டால் மட்டும் போதுமோ எனச் சிலர் வினவுவர். நியாயமான வினா. தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் 26-ஆம் பிரிவில் வீட்டுரிமையை வெளிப்படையாகவே கூறுகிறது. அங்கு ஐரீன் குரூட்பூம் என்னும் ஏழைப் பெண் முன்னின்ற வழக்கில், மிக இக்கட்டில் உள்ளோரைக் கைவிடும் வீட்டுத் திட்டம் அரசியல் சட்டத்திற்கு ஒவ்வாது என 2000-இல் தீர்ப்பளிக்கப்பட்டது. உலகம் போற்றிய தீர்ப்பு அது. ஆனால் அப்பெண்மணி 2008-இல் மறைந்தபோதும் அவருக்கு முறையான வீடு கிட்டியிருக்கவில்லை. ஆகவே உரிமையோடு நிதியும் காலவரையும் பொறுப்பான அலுவலரும் சட்டத்திலேயே குறிக்கப்படல் வேண்டும். அவை இல்லையேல் வெற்றி பெற்றவரும் குடிசையிலேயே வாழ்வர்.

நம் நாட்டில் 1985-இன் இந்திரா குடியிருப்புத் திட்டம் முதல் 2015-இன் பிரதமர் வீட்டுத் திட்டம் வரை, மாநிலத் திட்டங்களையும் சேர்த்து, எத்தனையோ லட்சம் வீடுகள் எழுந்துள்ளன. அவற்றைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் திட்டம் என்பது பட்டியலில் பெயர் உள்ளவர்க்கு அரசு கொடுப்பது; உரிமை என்பது பெயர் விடுபட்டவரும் கேட்டுப் பெறுவது. பட்டா இல்லாதவர் கட்டுமான உதவிக்கே தகுதி இழப்பது பலவிடங்களில் வழக்கம். வீடு யாருக்கு மிகத் தேவையோ அவரே முதலில் விலக்கப்படுகிறார்.

2024 நவம்பர் 13-ஆம் நாள் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விசுவநாதன் ஆகியோர் அளித்த தீர்ப்பு இவ்வரலாற்றின் அண்மை ஏடு. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவரின் வீட்டை இடிப்பது சட்டத்திற்கு முரண். ஒருவர் செய்த பிழைக்குக் குடும்பத்தார் அனைவரையும் தெருவில் நிறுத்தலாகாது. பதினைந்து நாள் முன்னறிவிப்பின்றி இடிக்கலாகாது. மீறும் அலுவலர் தம் கைப்பணத்தால் ஈடுசெய்ய நேரிடும் என்று அது விதித்தது. பல மாநிலங்களில் தம் வீடுகள் இடிக்கப்பட்டதைக் கண்ட குடும்பங்கள் இதனால் ஆறுதல் பெற்றன. அவற்றுள் முஸ்லிம் குடும்பங்கள் பல. ஆனால் சாலை, நடைபாதை, இருப்புப்பாதை ஓரம், நீர்நிலை ஆகிய பொது இடங்களில் அனுமதியின்றி எழுந்த கட்டடங்களுக்கு அந்நெறிமுறைகள் பொருந்தா என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. பட்டா உள்ளவரைக் காத்த அரண், புறம்போக்கில் வாழ்பவரின் வாசலுக்கு முன்பே நின்றுவிட்டது.

எனவே நமக்கு வேண்டுவது சட்டமன்றத்தில் இயற்றப்படும் தெளிவான வீட்டுரிமைச் சட்டம். நெடுங்காலம் குடியிருக்கும் கடலோரக் குப்பங்களை அளந்து, நத்தத்திற்கு நிகரான குடியிருப்பாகப் பதிவுசெய்து, மனை உரிமையைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேனும் கணவன் மனைவி இருவர் பெயரிலேனும் வழங்குவது அதன் முதற்கூறாக வேண்டும். புயலாலோ பொதுத் தேவையாலோ இடம் மாற்ற நேரின், மக்களைக் கேட்டு, தொழிலுக்கு எட்டும் தொலைவில் மாற்றுவீடு கொடுத்த பின்னரே மாற்ற வேண்டும் என்பது இரண்டாம் கூறு. இவற்றைச் செய்யத் தவறிய அலுவலகத்தைக் கேள்வி கேட்க எளிய வழி ஒன்று அமைய வேண்டும் என்பது மூன்றாம் கூறு.

அச்சட்டம் வரும்வரை வாளாவிருத்தலும் தகாது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை, பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைப் பேணிக் காப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை. ஊர் ஜமாஅத்துகளின் பழைய திருமணப் பதிவேடுகளும், மாதா கோயில்களின் ஞானஸ்நான ஏடுகளும் ஒரு குடும்பம் தலைமுறையாக அவ்வூரில் வாழ்ந்ததற்குச் சான்றாக உதவக்கூடும். ஒரே பாரில் மூழ்கிய இரு சமுதாயத்தாரும் இப்பணியில் ஒன்றுபடுதல் இயல்பேயாகும்.

கடலின் அடித்தளம் அரசுக்குரியது என்று 1905-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிற்று. அந்த வரியின் பயனை அரசு முழுவதும் நுகர்ந்தது. வீட்டு மனை அரசுக்குரியதன்று என்றும் அதே சட்டம் எழுதிற்று. அவ்விரண்டாம் வரி முத்துக் குளித்தவரின் மக்கள் வாழும் மணலுக்கும் பொருந்தும் என்பதை ஏட்டில் ஏற்றச் செய்வதே இன்று நம் முன்னுள்ள பணி.